கிணற்றுத் தண்ணீர் ஓடும் கூரை

என் அக்காவின் கணவர் கரும்பு ஏற்றிய டிராக்டரின் உச்சியிலிருந்து விழுந்தபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. லோடைச் சுற்றிப் போட்ட கயிற்றைக் காலை ஊன்றி இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தார். கயிறு அறுந்தது. மல்லாந்து விழுந்தவர் தானாக எழுந்திருக்கவில்லை. சென்னையில் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்து, மூன்று மாதம் வைத்திருந்து, திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேச்சு தெளிவாக இருந்தது. தோளை அசைப்பார், முழங்கையை மடக்குவார். விரல் மடங்காது. நெஞ்சுக்குக் கீழே எதைத் தொட்டாலும் அவருக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவோம். நான் திருத்தணியில் பிளம்பர். மலையடிவாரத்து லாட்ஜுகளிலும் கல்யாண மண்டபங்களிலும் வேலை ஓயாது. ஆடிக் கிருத்திகை நெருங்கினால் சாப்பிட உட்காரக்கூட நேரம் கிடைக்காது. ஆனாலும் வாரத்துக்கு இரண்டு முறை பைக்கை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். பாவாவைத் தூக்கிக் குளிப்பாட்ட அக்காவுக்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது.

அவர் வீடு திரும்பிய பிறகு வந்த முதல் கோடையில் ஒரு மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

"உடம்பு அடுப்பாட்டம் கொதிக்குதுடா. கண்ணு சொருகுது. கூப்பிட்டா பதிலே வரல."

ஆட்டோவில் ஏற்றித் திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். எந்தக் கிருமியும் இல்லை. அங்கிருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். அவரே ஈரத் துணியை எடுத்துப் பாவாவின் கழுத்து, அக்குள், கால் எல்லாம் துடைத்துக் குளிரூட்டிய அறையில் படுக்கவைத்தார். இரண்டு மணி நேரத்தில் சூடு இறங்கிப் பாவா கண் திறந்தார்.

"இது காய்ச்சலே இல்லைங்க" என்றார் டாக்டர். "இவருக்குக் கழுத்துக்குக் கீழ வேர்க்காது. வெளிய இருக்கிற சூடு அப்படியே உடம்புக்குள்ள ஏறிடும். அறையை எப்பவும் குளிர்ச்சியா வச்சுக்கணும். இல்லன்னா அடுத்த தடவை இவ்வளவு சுலபமா இறங்காது."

மறுநாளே ஏசி மாட்டினோம். அதில் இரண்டு தொல்லை. வயல் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கி ஏசி நின்றுவிடும். வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் அது நிற்கும். ஓடுகிற நேரத்திலோ, குளிர்ந்த காற்று மேலே அடித்தால் பாவாவின் கால்கள் தாமாக வெட்டி வெட்டி இழுக்கும். ஒரு தடவை இழுத்த இழுப்பில் பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்கிவிட்டது. ஏசியை நிறுத்திவிட்டு அக்கா ஈரத் துணிக்கு மாறினாள். காலை பத்து மணியிலிருந்து பொழுது சாயும்வரை அரை மணிக்கு ஒரு தடவை துணியை நனைத்து நனைத்துப் போட்டாள். அந்த ஈரத்தில் பாவாவின் முதுகுத் தோல் ஊறி, இடுப்புக்கு மேலே புண் வைக்க ஆரம்பித்தது. துணி போட்டால் புண், போடாவிட்டால் சூடு. எனக்குத் தெரிந்து அந்த வாரங்களில் அக்கா பகலில் ஒரு நாளும் கண்ணை மூடவில்லை.

பாவா பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். பார்க்க வருகிறவர்கள் கதவோரம் நின்று இரண்டு வார்த்தை விசாரிப்பார்கள். மொட்டை மாடி காய்ந்து, உள்ளே சூளை மாதிரி இருக்கும். கழுத்தைத் துடைத்துக்கொண்டே கிளம்பிவிடுவார்கள். பாவா சுவரைப் பார்த்தபடி கிடப்பார்.

பல வருஷத்துக்கு முன்பு சென்னைக்கு வெளியே ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் ஆறு மாதம் வேலை செய்திருந்தேன். அங்கே கூரைக்குக் கான்கிரீட் போடுவதற்கு முன்னால், கம்பிகளின் மேல் பிளாஸ்டிக் டியூபை வளைத்து வளைத்துக் கட்டச் சொன்னார்கள். கட்டை விரல் பருமன் டியூப். தண்ணீர் ஒரு பக்கம் உள்ளே போய், கூரை முழுக்கச் சுற்றி, மறுபக்கம் வெளியே வரும். எதற்கென்று அப்போது எனக்குப் புரியவில்லை. கட்டடம் முடிந்து ஒரு ரிப்பேருக்குப் போனபோதுதான் புரிந்தது. உள்ளே காற்று வீசவில்லை, சத்தம் இல்லை, ஆனால் நிழலான குளக்கரையில் நிற்பது போல இருந்தது. அங்கிருந்த இன்ஜினியர், "நாங்க காத்தைக் குளிர வைக்கல. கூரையைக் குளிர வைக்கிறோம். நம்ம உடம்புச் சூடு தானா அங்க போயிடும்" என்றார்.

காற்றே வீசாத குளிர்ச்சி. பாவாவின் கால் இழுக்காது. இதைப் பாவாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அக்காவிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உற்சாகம் வடிந்துவிட்டது.

"ஆனா ஆகாதுக்கா. அங்க தண்ணியக் குளிர வைக்க வீடு மாதிரி பெரிய மிஷின் வச்சிருந்தாங்க. நம்ம கரண்டுக்கு அது ஓடாது."

அக்கா வாளியை எடுத்துக்கொண்டு துணியை நனைக்க எழுந்தாள். அப்போது சுவர்ப் பக்கமாக இருந்த முகம் மெல்லத் திரும்பியது.

"மிஷின் இன்னாத்துக்குடா?" என்றார் பாவா. "நம்ம கெணத்துத் தண்ணி இன்னா, கொதிச்சிகினா கீது? சித்திரை மாசம் தூர் வார எறங்கனப்போ காலு வெடவெடன்னு வந்துச்சு எனக்கு."

அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசிப் பல வாரம் ஆகியிருந்தது. அக்கா கையில் வாளியோடு அப்படியே நின்றாள்.

நான் கிணற்றுக்குப் போய்க் கயிற்றில் வாளி விட்டு இழுத்தேன். காய்ச்சல் பார்க்க டாக்டர் கொடுத்திருந்த தெர்மாமீட்டர் அதற்கு ஆகாது என்பதால், மறுநாள் கடையில் வேறொன்று வாங்கிவந்து பார்த்தேன். வெளியே நாற்பது டிகிரியைத் தாண்டியிருந்த வெயிலில் தண்ணீர் இருபத்தெட்டைத் தாண்டவில்லை. கொஞ்சம் தரையில் ஊற்றிக் காலை வைத்துப் பார்த்தேன். போதும் என்று தோன்றியது.

வேலையை மறுவாரமே தொடங்கினோம். பாவாவின் அறைக்கு மேலே மாடியில் பதித்திருந்த தட்டோடுகளைப் பெயர்த்தோம். ஒரே நீளமான டியூபை, நடுவில் எங்கும் ஜாயின்ட் வராமல், ஒரு ஜாண் இடைவெளியில் போகவும் வரவும் வளைத்துக் கம்பி வலையில் கட்டினேன். கலவை போட்டு மூடிவிட்டால் பிறகு எந்த ஒழுக்கையும் பார்க்க முடியாது. அதனால் டியூபில் தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றி, ஒரு நாள் முழுக்க அழுத்தம் காட்டும் மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து பாவா மணிக்கொரு தடவை குரல் கொடுத்தார்.

"முள்ளு எறங்குச்சா?"

"இல்ல பாவா."

"நல்லாப் பாத்தியா?"

"ஆங், பாத்துகினுதான் கீறேன்."

முள் இறங்கவில்லை. கலவை போட்டு, அதன்மேல் வெள்ளை ஓடு பதித்தோம். கிணற்றுத் தண்ணீரில் மண்ணும் பாசியும் வந்து டியூபை அடைக்கக் கூடாது என்று, புங்க மர நிழலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கழுத்துவரை புதைத்து, அதில் தெளியவிட்டு, வடிகட்டி வழியாக ஒரு சின்ன மோட்டாரால் மேலே ஏற்றினேன். இன்வெர்ட்டரிலேயே ஓடுகிற அளவுக்குச் சின்ன மோட்டார். கூரையைச் சுற்றி வந்த தண்ணீர் எங்கே போக வேண்டும் என்பதைப் பாவாதான் சொன்னார். "வாய்க்கா பக்கம் ஒண்ணு, கெணத்துப் பக்கம் ஒண்ணு, ரெண்டு வால்வு வை. கரும்புக்கு வேணும்னா அங்க உடு, இல்லன்னா கெணத்துக்கே திரும்பட்டும்."

கலவை நன்றாக இறுகும்வரை காத்திருந்து தண்ணீர் விட்டோம். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் தலை குனிந்துகொண்டேன். பல மாதம் சூடேறிக் கிடந்த கூரை, அது இறங்க வேண்டாமா? மூன்றாம் நாள் மத்தியானம் நான் போனபோது அக்கா ஸ்டூல் போட்டு ஏறி உள்கூரையைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"தொட்டுப் பாருடா, தொட்டுப் பாரு" என்றாள்.

தொட்டேன். அடுத்த அறையின் கூரை, விரல் வைத்தால் சுடுகிற மாதிரி இருந்தது. இங்கே வெதுவெதுப்புகூட இல்லை. அறைக்குள் முப்பத்திரண்டு காட்டியது. கேட்கிறவருக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் பாவாவின் உடம்புச் சூடு ஏறாமல் நின்றுவிட்டது. ஈரத் துணிகள் கொடியில் காய்ந்தபடி கிடந்தன.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. கத்திரி வெயில் வந்ததும் முப்பத்திரண்டு எனக்குப் போதவில்லை. பார்க்க வருகிறவர்கள் அசந்துபோக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் காலையில் திருத்தணியிலிருந்து நாலு பார் ஐஸ் கொண்டுபோய்த் தொட்டியில் இறக்கினேன். முந்தின நாள் சாயங்காலம் கோடை மழை ஒரு தூறல் போட்டு நின்றிருந்தது. காற்றெல்லாம் பிசுபிசுப்பு. மத்தியானம்வரை இருந்து, அறை சில்லென்று ஆனதைப் பார்த்துவிட்டு, மண்டபத்தில் வேலை இருந்ததால் கிளம்பிவிட்டேன்.

நாலு மணிக்கு அக்கா போனில் அழுதாள். ஓடினேன்.

உள்கூரை முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. டியூப் உடைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். டியூப் நன்றாகத்தான் இருந்தது. குளிர்ந்த சொம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பது போல, ஈரக்காற்று பட்டு என் கூரையே வேர்த்துவிட்டது. துளிகள் சேர்ந்து சேர்ந்து சரியாகக் கட்டிலின் மேல் சொட்டியிருந்தன. அக்கா துடைக்கத் துடைக்கப் பாவாவின் நெற்றியும் கண்ணும் நனைந்தன; தலையணை ஊறிப்போயிருந்தது. அவரால் ஒரு விரற்கடை நகர முடியாது. முழங்கையை மடக்கினாலும் கை முகம்வரை எட்டாது, துடைத்துக்கொள்ளவும் முடியாது. அக்கா கண் விழிக்கும்வரை இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்திருக்கிறார்.

"கூப்பிட்டிருக்கலாம் இல்ல பாவா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கட்டிலுக்குக் கீழே பாய் கிடந்த இடத்தைக் கண்ணால் காட்டினார்.

"அவ தூங்கிகினு இருந்தாடா. எத்தினி மாசம் கழிச்சுத் தூங்கறா. சொட்டற தண்ணிக்கோசரம் எழுப்புவாங்களா?"

அக்கா முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் அவர் தலையைத் தூக்கித் தலையணையை மாற்றினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவரே பேசினார். "எனக்குத்தான் வேர்க்கல. எனக்குப் பதிலா கூரையாவது வேர்க்குது, உடு." சொல்லிவிட்டுச் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே போய்த் தொட்டியில் மிச்சமிருந்த ஐஸை இரண்டு கையாலும் அள்ளி வாய்க்காலில் எறிந்தேன். அதற்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறெதையும் அந்த டியூபில் விட்டதில்லை. அது ஒரு நாளும் கூரையை வேர்க்க வைத்ததில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. முதுகுப் புண் ஆற நாலு மாதம் ஆனது. அந்த ஐப்பசியில் சிறுநீர்த் தொற்று வந்து இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்கு என் டியூப் ஒன்றும் செய்ய முடியாது. விரல்கள் மடங்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் வந்த இரண்டு கோடைகளிலும் சூட்டுக்காக அவரை ஆட்டோவில் ஏற்றவில்லை.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. வருகிறவர்கள் இப்போது கதவோரம் நிற்பதில்லை. கழனி வேலை முடித்து மத்தியானம் வருகிறவர்கள் பாவாவின் அறைத் தரையில் துண்டை விரித்துப் படுத்துவிடுகிறார்கள். முதலில் குளிர்ச்சிக்காகத்தான் வந்தார்கள். படுத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? யார் கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது, எந்தப் போர்வெல்லில் தண்ணீர் இறங்கியது என்று பேச்சு ஓடும். பாவா கட்டில் மேலேயிருந்தபடி ஒவ்வொருவரையும் பேச்சில் மடக்குவார். பாவாவின் கரும்புக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும், எப்போது உரம் வைக்க வேண்டும் என்பதெல்லாம் இப்போது அந்தக் கட்டிலில்தான் முடிவாகிறது. அக்கா வரப்பில் நின்று போனில் கரும்பைக் காட்டுவாள். இவர் இங்கிருந்து அதட்டுவார்.

போன வாரம் குளிப்பாட்டிப் படுக்கவைத்ததும் பாவா என்னிடம் ஆரம்பித்தார்.

"மாட்டுக் கொட்டாய்க்கு ஒரு லைன் இழுடா மச்சான். பசு நாக்கத் தொங்க உட்டுகினு நிக்குதாம்."

"அது தகரக் கூரை பாவா. டியூப எங்க பொதைக்கறது?"

"தரையில பொதை."

"மாடு மூத்திரம், சாணி, குளம்பு. தாங்காது."

"கான்கிரீட்டுக்குள்ளதான பொதைக்கப் போற, குளம்பு இன்னா பண்ணும்? உனக்கு வேலை செய்ய வலிக்குது, அதச் சொல்லு."

அரை மணி நேரம் சண்டை போட்டோம். தரையில் படுத்திருந்த இரண்டு பேர் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். கிளம்பும்போது டேப்பை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போய் நீளம் அகலம் அளந்தேன். பசு என்னை முட்ட வந்தது. அந்தச் சின்ன மோட்டார் இன்னொரு லைனையும் தாங்குமா என்று இன்னும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.