சில்லில்லாத வாகனத்துக்குத் தேசிக்காய்

என் விஞ்ஞானக் கதையில் விண்கலத்துக்குப் பூசை நடக்கும். அதனாலேயே, "இது மாயாஜாலக் கதை" என்று சஞ்சிகை ஆசிரியர் நேற்றுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்தக் கடுப்போடு இன்று உடுப்பிட்டிக்குப் போனேன். வெங்காயத்துக்கு மருந்தடிக்க மச்சான் வாங்கிய புது ட்ரோன், பிள்ளையார் கோயில் வாசலில் சந்தனப் பொட்டோடு இருந்தது.

புது வாகனம் என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசிப்பது வழக்கம். ஐயர் அந்தத் தேசிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"தம்பி, இதுக்குச் சில்லு இல்லையே. எங்கை வைக்கிறது?"

"இறங்கிற இடத்திலை வையுங்கோ ஐயா" என்றான் மச்சான்.

ட்ரோன் எழும்பி, கோயிலை ஒருமுறை சுற்றி, தேசிக்காயின் மேலேயே வந்து இறங்கியது. தேசிக்காய் நசிந்தது. ஐயர் கும்பிட்டார்.

"மச்சான், இது ஜிபிஎஸ்ஸோ, பிள்ளையாரோ?" என்று கேட்டேன்.

"ரெண்டையும் நம்பித்தானே வாங்கினனான்."

சஞ்சிகை ஆசிரியரும் என்னுடைய இந்த முகநூல் பக்கத்துக்கு வருகிறவர்தான். ஆசிரியர் ஐயா, இதை எந்தப் பகுதிக்கு அனுப்ப, விஞ்ஞானத்துக்கோ, மாயாஜாலத்துக்கோ?