கார்பரேட்டரை ஏந்திய கை

ஒரு சாண் நீளம் இருக்கும் அந்த ரப்பர் வளைவு, வளைந்த குழாய்த் துண்டு. பெட்ரோல் ஊறி உப்பி, ஒரு பக்கம் வெடித்து, அக்காவின் கடைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. வடக்கனந்தல் போகும்போதெல்லாம் அதைத் தொட்டுவிட்டுத்தான் உட்காருவேன். தொட்ட விரலை மோந்தால் போதும், காற்று ஓய்ந்த அந்தக் காலை வந்துவிடும்.

அக்காவுக்கு, மருந்தடிக்கும் பெட்ரோல் ஸ்பிரேயரும் மொபெட்டும் பழுது பார்க்கிற கடை. அவள் வீட்டுக்காரர் மாமாவுக்கு மரம் வெட்டுகிற தொழில். கல்வராயன் மலையில் ஒரு தோட்டக்காரர் பழைய இரும்போடு போடவிருந்த மிஷின் ரம்பத்தை மாமா கேட்டு வாங்கி, சாக்கில் சுற்றித் தோளில் சுமந்து வந்தார். கன்றுக்குட்டி கனம். அதற்கான பாகம் கள்ளக்குறிச்சியில் கிடையாது. உளுந்தூர்பேட்டை லாரிப் பட்டறைகளில் கேட்டால் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. மொபெட்டிலிருந்து தீப்பொறி தரும் காயில், பம்புசெட்டிலிருந்து வாஷர், ஸ்பிரேயரிலிருந்து பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்பரேட்டர் என்று, செத்துப்போன மிஷின்களிடமெல்லாம் கேட்டு வாங்கி அதற்கு உயிர் சேர்த்தாள்.

"இதுக்கு அப்பன் யாரு, ஆத்தா யாருன்னே தெர்ல" என்றார் மாமா.

"பெத்தவ நான் கீறேன். நீ கயித்த இழு."

இழுத்தார். செருமியது, புகைந்தது, பிறகு தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. கீழே கிடந்த பனந்துண்டு பாளை பிளப்பதுபோல் இரண்டாயிற்று. நான் வாயைத் திறந்தபடி நின்றேன்.

ஒரு பிழை இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. ஸ்பிரேயர் எப்போதும் ஆளின் முதுகில் நிமிர்ந்தே இருக்கும். அதன் கார்பரேட்டரும் நிமிர்ந்தே இருந்து பழகியது. உள்ளே மிதவை ஒன்று, கிண்ணத்துப் பெட்ரோலில் மிதக்கும். சாய்த்தால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, எஞ்சின் மூச்சடைத்துப்போகும். கீழே கிடந்த மரங்களையே அறுத்துக்கொண்டிருந்த வரை ரம்பம் சாயவே இல்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

அன்று காலை தெரிந்தது. காற்று இரவெல்லாம் அடித்து, பக்கத்து வீட்டின் மேல் வேப்பமரம் விழுந்து கிடந்தது. மரத்தின் பாரத்தைச் சுவர்கள் தாங்கிவிட்டன. ஆனால் ஒரு கிளை ஓட்டைப் பிளந்து, நட்ட தூண்போல நேராக இறங்கி, அந்த வீட்டு அண்ணனின் தொடையைத் தரையோடு அழுத்தியிருந்தது. கூலிக்குக் கரும்பு வெட்டப் போகிறவர். அவர் கால்தான் அந்த வீட்டின் அடுப்பு. கோடரி ஒருமுறை விழுந்தது. சுவர் நடுங்கியது, மண் உதிர்ந்தது, "வோணாம், வோணாம்!" என்று அவர் கத்தினார். நாங்கள் மரத்துக்கு முட்டுக் கொடுத்தோம். மாமா ரம்பத்தோடு உள்ளே புகுந்தார்.

நின்ற கிளையை அறுக்க ரம்பத்தைப் பக்கவாட்டில் படுக்க வைக்கவேண்டும். படுத்ததும் அணைந்தது. கயிறு இழுத்தார், பிடித்தது. படுத்ததும் மறுபடி அணைந்தது.

"இன்னா தங்கச்சி, உம் புள்ள படுத்தா தூங்கிடுதே" என்று கிளையின் அடியிலிருந்து அண்ணன் சொன்னார். வலியில் பல் கிட்டிய வாய். அந்த வாயிலிருந்தா கேலி வந்தது!

அக்கா கார்பரேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் அந்த ரப்பர் வளைவும் ஒரு பெட்ரோல் டப்பாவும். கார்பரேட்டரைக் கழற்றி, வளைவின் ஒரு முனையில் செருகி, மறு முனையை எஞ்சினில் செருகிக் கம்பி முறுக்கினாள். டப்பாவிலிருந்து கார்பரேட்டருக்குச் சிறு குழாய் விட்டு, அதை அண்ணனின் மனைவியிடம் கொடுத்து, "தலைக்கு மேல தூக்கு. எறக்காத" என்றாள். கார்பரேட்டரைத் தன் இடது உள்ளங்கையில் நிமிர்த்தி ஏந்திக்கொண்டாள். ஓடும் ரம்பச் சங்கிலிக்கும் அந்தக் கைக்கும் நடுவே ஒரு சாண் ரப்பர்தான்.

"கை போச்சின்னா?" என்றார் மாமா.

"போவாது. நீ அறு, நான் மூச்சு தரேன்."

ரம்பம் படுத்தது. அலறல் நிற்கவில்லை. மாமா நகர அக்கா நகர்ந்தாள், மாமா குனிய அக்கா குனிந்தாள், டப்பா ஏந்தியவள் இருவரையும் சுற்றி நகர்ந்தாள். "ஏத்து" என்பார், விரலால் வேகத்தைக் கூட்டுவாள். "கம்மி பண்ணு" என்பார், குறைப்பாள். பிறகு அவர் சொல்வதும் நின்றுபோயிற்று. மரத்தூள் மூவர் மேலும் மாவாகப் படிந்தது. முட்டுக்கட்டையைத் தோளில் தாங்கியபடி நான் பார்த்தேன்: ரம்பம் அவர் கையில், அதன் மூச்சு இவள் கையில். ஒரு மிஷின் மூன்று உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது. கோயிலில் நான் கும்பிட்டு நின்றதுண்டு, அப்படி நின்றதில்லை.

கிளை துண்டாகிச் சாய்ந்தது. அண்ணனை இழுத்தெடுத்தோம். கால் பிழைத்தது, ஒரு பக்கச் சாய்வோடு.

சென்ற வருஷம் அந்த ரம்பத்துக்கே உரிய கார்பரேட்டர் கூரியரில் வந்தது. எந்த நாட்டிலிருந்தோ, அக்கா செல்போனில் தேடிப் பிடித்தது. எப்படிச் சாய்த்தாலும் அணையாதாம். பூட்டி முடித்து, ரப்பர் வளைவை ஆணியில் மாட்டினாள். அண்ணன் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து நின்றார். மாமா கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே பிடித்தது. மெல்ல ரம்பத்தைப் பக்கவாட்டில் சாய்த்தார். நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது.

நான் ரம்பத்தைப் பார்க்கவில்லை. அக்காவின் இடது கை தானாக எழுந்திருந்தது. உள்ளங்கை குவிந்து, ஒன்றுமில்லாத காற்றை நிமிர்த்திப் பிடித்தபடி, மாமா அசைய அசைந்துகொண்டிருந்தது.