தலைமையாசிரியருக்கு ஒரு வாழ்த்து மடல்

எனக்குப் பதற்றம் உண்டு. காலையில் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் வண்டி கிளம்புவதற்குள், நடக்காத விபத்துக்கெல்லாம் அஞ்சலி செலுத்தி முடித்திருப்பேன். கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர் வேலை. தோன்றுவதை எழுதிப் பாருங்கள் என்றார் டாக்டர். எழுதினேன். கவிதையாக வந்து தொலைத்தது.

தனி நோட்டு வாங்கியிருக்கலாம். பாடக்குறிப்பேட்டிலேயே, பின்னங்கள் பாடத்துக்கு அடுத்த பக்கத்தில் எழுதிவிட்டேன். அது ஒவ்வொரு திங்களும் தலைமையாசிரியரின் கையெழுத்துக்குப் போகும். கொண்டுபோய் வைப்பவன் நானேதான். அந்தத் திங்களும் நானேதான் வைத்தேன்.

நெஞ்சுக்குள் யாரோ
மாவு மில் வைத்திருக்கிறார்கள்.
அரைக்க ஒன்றுமில்லை.
ஆனாலும் ஓடுகிறது.

அதற்கும் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டு, ‘கற்றல் விளைவு எழுதவும்’ என்று குறித்திருந்தார். அதோடு விட்டிருந்தால் நானே சிரித்திருப்பேன். மதியம் எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்த நேரத்தில் எழுந்து நின்று, ராகம் போட்டு வாசித்தார்.

“இன்னா சார், நெஞ்சுல மில்லு ஓட்டிக்கினு கீறீங்களாமே? கரண்டு பில்லு யாரு கட்றது?”

“எங்க வூட்ல அரைக்காத கேவுரு கீது, நாளைக்கி கொணாந்து குடுக்கட்டா சார்?” என்றார் அறிவியல் ஆசிரியர்.

எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். தயிர்ச்சாதம் மூக்கில் ஏறிவிட்டது. மறுநாளே பிள்ளைகளுக்கு நான் ‘மில்லு சார்’. பழி வாங்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். பதற்றக்காரனுக்கு ஒரு வசதி, அவன் எதையும் மறக்க மாட்டான்.

இரண்டு வருடம், அதே பஸ்ஸில் மலையேறும் தலைமையாசிரியரைக் கவனித்தேன். எப்போதும் பாறைப் பக்கத்து ஜன்னல். மூக்கருகே எலுமிச்சம்பழம். முதல் வளைவிலேயே கண்ணை மூடிக்கொள்வார். வலது கால் மட்டும் தரையை பிரேக் போல மிதித்துக்கொண்டே வரும்.

அவர் ஓய்வு பெறும் நாள் வந்தது. எங்கள் பள்ளியில், ஓய்வு பெறுபவருக்குச் செய்யுளில் வாழ்த்து மடல் அச்சடித்து, கண்ணாடி போட்டு, மேடையில் வாசித்துக் கொடுப்பார்கள். அது ஆயுசுக்கும் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்கும்.

“கவிதைக்கி வெளியில எதுக்கு அலையணும்? நம்ம மில்லு சார் கீறாரே!” என்று அவரே சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூச்சம் என்று நினைத்தார்கள்.

ஒரே மூச்சில் எழுதி, யாருக்கும் காட்டாமல் அச்சுக்கும் நானே கொடுத்தேன். அவருடைய பயத்தை எழுத யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் பயத்தை எடுத்து அவர் சட்டையை மாட்டினேன், அளவு கச்சிதமாக இருந்தது. கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மேடை ஏறினேன். கையிலிருந்த ஃபிரேமில் கண்ணாடி கடகடவென்று ஆடும் சத்தம் மைக்கில் கேட்டது. சட்டைப் பையில், ‘ஏணியே, தோணியே’ ரகத்தில் பத்திரமான மடல் ஒன்றும் வைத்திருந்தேன். அதையே படித்துவிட்டு ஓடிவிடலாம் என்று கை பைக்குள் போனது.

“இன்னா சார், மில்லு சூடாயிடுச்சா?” என்றார் தலைமையாசிரியர், மாலைக்குள்ளிருந்து.

கூட்டம் சிரித்தது. கையை வெளியே எடுத்தேன். எங்கிருந்து வந்ததோ, அப்படி ஒரு குரல் வந்தது.

வளைவு வருமுன்னே விழிமூடும் எங்கள் தலைவா,
இல்லாத பிரேக்கை மிதித்தே எங்களை மலையேற்றினாய்!

எலுமிச்சம்பழத்துக்குத் தனியாக நாலு வரி. முன்வரிசையில் அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “டிரைவருக்கே நான்தான் தைரியம் சொல்றேன்னு வூட்ல அளந்துக்கினு இருந்தாருங்க!” தலைமையாசிரியரின் காது சிவந்தது. எல்லா வரியையும் இரண்டிரண்டு முறை வாசித்தேன். மரபு என்று சொல்லிக்கொண்டேன். அப்படி ஒரு மரபு கிடையாது.

ஒரு மாதம் கழித்து, நலம் விசாரிக்கும் சாக்கில் தியாகதுருகத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நுழைந்ததுமே கண்ணில் படும்படி மடல் தொங்கியது.

“வர்றவங்கல்லாம் படிச்சிட்டு சிரிக்கிறாங்க சார். எறக்கிடலாம்னா இவ வுட மாட்றா. நானே ஒரு நாளு இழுத்துப் பாத்தேன், ஆணி அசையல,” என்றார்.

அசையாது. கடையில் இருந்ததிலேயே நீளமான ஆணியைத் தேடி வாங்கி, ஃபிரேமோடு சேர்த்துக் கொடுத்தவன் நான்.