அளவு எடுக்கும்போது விழுந்த அடி

இன்னைக்குக் காலையில, சேலையூர்ல இருக்கிற என் பல் கிளினிக்குக்கு, முன்பல் உடைஞ்ச ஒரு அக்காவை அவங்க வீட்டுக்காரர் கூட்டிட்டு வந்தார்.

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா”ன்னு அவரே சொன்னார்.

பல் அளவெடுக்கிற மாவை ஸ்டீல் ட்ரேயில நிரப்பி, மேல்பல்லுல அழுத்திப் பிடிச்சேன். அக்காவுக்குக் குமட்டுச்சு.

“ஒழுங்கா உக்காருடி!”ன்னு வீட்டுக்காரர் அவங்க கன்னத்துல பளார்னு அறைஞ்சார்.

“சார், வெளிய போங்க”ன்னேன். என் காலரைப் பிடிச்சுச் சுவத்துல மோதினார்.

அக்கா எந்திரிச்சு, ட்ரேயை வாயிலேர்ந்து பிடுங்கி, அவர் மூக்குலயே ஓங்கி அடிச்சாங்க. மீசையெல்லாம் மாவும் ரத்தமும். ரிசப்ஷன் பொண்ணு போலீசுக்குப் போன் போட்டதும் ஆள் ஓடிட்டார்.

அக்கா திரும்ப வந்து சேர்ல சாஞ்சாங்க.

“நான் விழல டாக்டர். அவன்தான் அடிச்சான். வேற அளவு எடுங்க.”

புது மாவு கலந்து எடுத்தேன்.