ஒன்பது மணி வகுப்பு

எங்கள் கணிதத் துறையில் செமஸ்டர் தொடங்கினால் முதல் வாரம் பாடம் நடக்காது. டைம்டேபிள்தான் நடக்கும். வகுப்புப் பிரதிநிதி ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டுக்கொண்டு ஐந்து விரிவுரையாளர்களின் அறை வாசலிலும் போய் நிற்க வேண்டும். அவரவர் தமக்கு வேண்டிய நேரத்தைப் பென்சிலால் எழுதுவார்கள். இரண்டு பேர் ஒரே கட்டத்தைக் கேட்டால் ரப்பரும் கையுமாக மறுபடி அலைய வேண்டும். எல்லாம் படிந்த பிறகு மையில் நகலெடுத்து, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். 2003இல், எம்.எஸ்சி. மூன்றாவது செமஸ்டரில், அந்தத் தாள் என் கையில் இருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்டின் டவுனில் ஓர் அறையும் ஒரு சமையலறையுமான வீட்டிலிருந்து, மெஜஸ்டிக்கில் பஸ் மாறி, மைசூர் ரோட்டுப் பக்கம் இருந்த அந்தப் பல்கலைக்கழக வளாகத்துக்கு வருபவள் நான். ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போக அரை மணி நேரம் மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டியிருக்கும் அவ்வளவு பெரிய இடம். அதில் நமக்கும் ஒரு பெஞ்சு இருக்கிறது என்பதே ஒவ்வொரு செமஸ்டரின் முதல் நாளும் எனக்கு ஆச்சரியம்தான். இதில் டைம்டேபிள் வேறு என் கையில் என்றால் கேட்கவா வேண்டும்.

வகுப்பில் என்னைத் தவிரத் தமிழ் பேசுபவள் ஒருத்திதான். கிருஷ்ணகிரிக்காரி. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பிஜி விடுதியில் தங்கியிருந்தாள். இரவெல்லாம் ஒரு கால் சென்டரில் உட்கார்ந்து, விமானத்தில் பெட்டியைத் தொலைத்த அமெரிக்கர்களுக்குச் சமாதானம் சொல்வாள். காலை ஏழு மணிக்கு வேலை முடியும். ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்து, இரண்டு பஸ் மாறி, பதினொன்றரைக்கு வகுப்பில் இருப்பாள்; முதல் வருடம் எங்களுக்கு வகுப்பு தொடங்கியதே அப்போதுதான். ஊரில் வீடு நடப்பது அவள் சம்பளத்தில். இந்த வேலை விஷயம் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

படிப்பிலும் அவள்தான் எங்களில் முதல். போர்டில் ஒரு நிரூபணம் பாதி ஏறும்போதே அவள் நோட்டில் அது முடிந்திருக்கும். சிவந்த கண்ணோடு உட்கார்ந்து அவள் அதைச் செய்வதைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்க வேண்டும். பட்டதில்லை. என்னமோ நான் பெற்று வளர்த்தது போலப் பெருமைதான் பட்டேன்.

அந்த வாரம் மெஷர் தியரி என்ற பாடத்தை எடுக்கும் மேடம் என் தாளை வாங்கி, திங்கள் முதல் வியாழன் வரை காலை ஒன்பது மணிக் கட்டத்தில் தன் பெயரை எழுதிவிட்டார்.  அந்தப் பாடத்துக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் வந்து, போர்டின் இடது மூலையில் தொடங்கி, மணி அடிக்கும்போது வலது மூலையில் முடிப்பார். ஆனால் ஏழு மணிக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை முடிகிறவள் பஸ்ஸில் கிளம்பி சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி எங்கே ஒன்பதுக்கு வருவது? எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாதவர்களைத் தேர்வு எழுத விடமாட்டார்கள். அவளுக்கு ஒரு வருடம் போய்விடும்.

நான் களத்தில் இறங்கினேன். அவள் அந்த வாரம் வளாகத்துக்கு வரவில்லை, அவளிடம் ஒன்றும் சொல்லவும் இல்லை. வந்ததும் பார்த்து அசந்துபோகட்டும் என்று நினைப்பு. இரண்டு நாள் அறை அறையாக ஏறி இறங்கி, தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி மூன்று பேரைச் சம்மதிக்க வைத்தேன். நிகழ்தகவு எடுக்கும் சார், மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர வேறு ஏற்பாடு செய்துகொண்டு மாலை மூன்றரைக்குத் தன் வகுப்பை வைத்துக்கொள்வதாகச் சொல்லி, தன் பதினொன்றரை மணி நேரத்தை விட்டுக் கொடுத்தார். ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த மனிதர்களை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மேடம் கேட்டார். அவர் பேசியது கன்னடத்தில், தமிழில் எழுதுகிறேன்.

"யாருக்குப் பஸ் இல்ல?"

"எலெக்ட்ரானிக் சிட்டிலேர்ந்து ஒருத்தி வரா, மேடம்."

"மொத பஸ் அஞ்சரைக்கே இருக்கே."

"அவ ராத்திரி வேலைக்குப் போறா, மேடம்."

வாய் தவறிவிட்டது. மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். முழுநேர மாணவர்கள் வேறு வேலையில் இருக்கக்கூடாது என்று சேரும்போதே நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். நானும்தான் போட்டேன், அப்புறம் மறந்தே போனேன். யாராவது புகார் எழுதிக் கொடுத்தால் அவள் சீட்டே போய்விடும். "நாளைக்கு அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வா" என்றார் மேடம். அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் செய்து, காரணம் சொல்லாமல், மறுநாள் வரச் சொன்னேன்.

மறுநாள் அவளை வளாகத்துப் பஸ் ஸ்டாப்பிலேயே பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நாயண்டஹள்ளில நம்ம கிளாஸ் பொண்ணுங்க ரெண்டு பேரு ரூம் எடுத்திருக்காங்க இல்ல? நானும் அவங்க ரூமுக்கே குடி வந்துட்டேன். இந்த வாரம் பூரா அந்த அலைச்சல்தான். கம்பெனி வண்டி டிராப் அட்ரஸும் மாத்திக் குடுத்துட்டேன். ஏழு மணிக்கு ஏறுனா எட்டரைக்கு இங்க பக்கத்துல எறக்கிடுவான். வண்டிலயே தூங்கிப்பேன்."

"ஒன்பது மணி கிளாஸ்னு உனக்கு எப்டித் தெரியும்?"

"சீனியருங்களக் கேட்டேன். மேடம் மூணாவது செமஸ்டருக்கு வருஷா வருஷம் ஒன்பதுக்குத்தான் எடுப்பாங்களாம்." துறை வாசல் வந்ததும் சொன்னாள். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

எனக்கு அங்கேயே பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

மேடம் அறைக்கு அவள் தனியாகப் போகவில்லை, என்னையும் உள்ளே கூட்டிப் போனாள். கால் சென்டர் ஆங்கிலம் ஒன்று அவளிடம் உண்டு. அதை எடுக்காமல் எங்களுக்கெல்லாம் தெரிந்த சாதாரண ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினாள். கையெழுத்துப் போட்டது உண்மை, அதற்குப் பிறகு வேலையில் சேர்ந்ததும் உண்மை, இரண்டில் எதையும் விட முடியாத நிலைமை வீட்டில் இருக்கிறது, எழுதிக் கொடுப்பதானால் கொடுங்கள் என்றாள். பிறகு, தனக்காக வகுப்பை மட்டும் மாற்ற வேண்டாம் என்றாள்.

"ஏன்?" என்றார் மேடம்.

"அமெரிக்காக்காரன் எனக்காக அவன் பகல மாத்திக்கல, மேடம். நான்தான் ராத்திரிய மாத்திக்கிட்டேன். இதையும் மாத்திக்குவேன்."

 மேடம் என் கையிலிருந்த தாளை வாங்கி, நான் இரண்டு நாள் அலைந்து அழித்து எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு, ஒன்பது மணிக் கட்டங்களில் தன் பெயரை மறுபடி எழுதினார்.

"ஒன்பது மணிக்கு யார் பெஞ்சில இருக்காங்கன்னு மட்டும்தான் நான் குறிப்பேன். அதுக்கு முன்னாடி எங்க இருந்தாங்கன்னு எழுத என் ரிஜிஸ்டர்ல எடம் இல்ல" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த வேலையைப் பற்றி அவர் வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அந்த செமஸ்டர் முழுக்க அவள் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முதல் பெஞ்சில் இருந்தாள், முகம் கழுவிய ஈரத்தோடு. டிசம்பர் குளிரில் நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் போனால் என்ன என்று நினைத்த காலைகளில்கூட இருந்தாள். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்த எனக்குத்தான் பஸ் தவறிக்கொண்டே இருந்தது.

கடைசி வாரம் வருகை குறைந்தவர்களின் பட்டியலைத் துறை அலுவலகத்தில் என்னிடம் கொடுத்தார்கள். அதைப் போர்டில் ஒட்டுவதும் பிரதிநிதியின் வேலைதான். பயந்துகொண்டே அவள் பெயரைத் தேடினேன். இல்லை. மெஷர் தியரியில் நான்காவதாக என் பெயர் இருந்தது. எழுபது சதவீதம். மேடம் மனம் வைத்துக் கடிதம் கொடுத்தால்தான் தேர்வு.

பசை டப்பாவோடு போர்டு முன்னால் நின்ற என் தோளுக்கு மேலாக அவளும் அதைப் படித்தாள். கிண்டல் செய்யப்போகிறாள் என்று நினைத்தேன். செய்யட்டும், எனக்கு வேண்டியதுதான் என்றும் நினைத்தேன். அவள் செய்யவில்லை.

"மேடம்கிட்ட உனக்காக நான் பேசட்டுமா?" என்றாள்.

கேட்டுவிட்டு, நான் பதில் சொல்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.