சொப்பிங் பையை அவிழ்த்தவர்

அக்காவின் வயிற்றில் இருந்த இரண்டரை மாதப் பிள்ளைக்கு நெஞ்சுத்துடிப்பு நின்றுவிட்டது என்று ஸ்கான் பார்த்த டொக்டர் சொன்னார். ஒப்பரேசன் வேண்டாம், கருவை வெளியேற்றக் குளிசையே போதும் என்று எழுதிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். குளிசை கொடுத்தது, கூட நின்று பார்த்தது எல்லாம் மிட்வைஃப்தான்.

கம்பஸில் படிக்கிற திமிர் எனக்கு. நேரே கேட்டேன்.

“டொக்டர் நிக்கமாட்டாரோ?”

“அவர் நிண்டு என்ன செய்யப்போறார்? நீர் முதல்ல கதிரையை விட்டு எழும்பும் தங்கச்சி. எனக்குக் கால் உளையுது.”

எழும்பினேன். வேறென்ன செய்ய?

தர்மபுரத்து வீட்டிலிருந்து அம்மா போன் எடுத்துக் கத்தினார். “குளிசை எண்டால் கலைச்சுப்போட்டாள் எண்டெல்லோ சனம் கதைக்கும்! யாழ்ப்பாணம் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்வம்.” அக்காவுக்குச் சனத்தைப் பற்றிக் கவலையில்லை. இதோடு கர்ப்பப்பை பழுதாகி இனிப் பிள்ளையே தங்காதோ என்பதுதான் அவளுடைய பயம்.

மத்தியானம் வயிற்றுக்குத்துத் தொடங்கியது. மிட்வைஃப் வந்து வந்து நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார். இரத்தம் எவ்வளவு போகிறது என்று கேட்டபோதெல்லாம் அக்கா சொன்னது ஒன்றுதான்: “கொஞ்சம்தான் மிஸ்.” எங்கள் வீட்டில் வளர்ந்தவள் வேறென்ன சொல்வாள்? மாதவிலக்குத் துணியை அப்பா காணாமல் வேலியோரம் எரித்தவர்கள் நாங்கள்.

மிட்வைஃப் அவளுடைய முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒரு சொப்பிங் பையை இழுத்தெடுத்தார். உள்ளே, பேப்பரில் சுற்றி அக்கா ஒளித்து வைத்த, இரத்தம் ஊறிய பாட்கள்.

“இதென்ன பிள்ளை, நகையோ? இப்பிடிப் பத்திரப்படுத்தியிருக்கிறீர்?”

“ஐயோ மிஸ், விடுங்கோ. ஊத்தை.”

“நீர் கொஞ்சம் எண்டுவீர், நான் நம்பிக்கொண்டிருக்க மயங்கி விழுவீர். இதைப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும்.”

கையுறை போட்டு ஒவ்வொன்றாக விரித்து யன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை, அவசரப்படவுமில்லை. நாங்கள் நெருப்பு வைத்து மறைத்ததை அவர் வாசித்துக்கொண்டு நின்றார். நான் போய் யன்னல் சீலையை இன்னும் விலக்கிவிட்டேன்.

“ரத்தம் அளவாத்தான் போயிருக்கு. வரவேண்டியதும் வந்திட்டுது போல கிடக்கு.”

பின்னேரம் டொக்டர் ஸ்கான் பார்த்தார். ஒன்றும் மிச்சமில்லை. ஒப்பரேசன் தேவையில்லை.

அவர் போனபிறகு அக்கா மெல்லக் கேட்டாள்: “மிஸ், இனித் தங்குமோ?”

“ஏன் தங்காது? கர்ப்பப்பைக்கு ஒண்டும் நடக்கேல்லை. ஆனா உம்மட மனுசனிட்டைச் சொல்லும், உடம்பு தேறுமட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லி.”

அக்கா சிரித்தாள். சிரிப்பு முடியமுதல் அழவும் தொடங்கினாள். மிட்வைஃப் அவளை அழவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.