ஒரு குளிசைகூட விடவில்லை

டொக்டரிடம் நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஜன்னலே இல்லாத கிடங்கொன்றில் எனக்கு வேலை. முழங்கால் உளைவென்று போனபோது, இரத்தத்தில் விற்றமின் டி குறைவு என்று நாளுக்கொன்றாய் விழுங்கக் குளிசை தந்தார்கள். ஒரே வீட்டில் இருக்கும் மச்சாளுக்கும் அதே குறைவு, அதே குளிசை. அவ ஒல்லி, நான் குண்டு. மூன்று மாதம் கழித்து இரத்தத்தைச் சோதித்தபோது அவவுக்கு அளவு ஏறியிருந்தது. எனக்கு அசையவேயில்லை.

"ஒழுங்காய்ப் போடுறேல்லையோ?" என் வயிற்றைப் பார்த்தபடி கேட்டார் டொக்டர். எங்கட தமிழ் ஆள்தான்.

அகதி விண்ணப்பக் காலத்திலிருந்தே மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தலையாட்டிப் பழகியவள் நான். "ஓம் டொக்டர், மறந்துபோறன்" என்றேன். அவர் அதை அப்படியே கணினியில் என் பதிவில் தட்டினார். ஒருநாளும் மறந்ததில்லை.

மருந்துக்கடையில் நிற்கும் சோமாலியப் பெண் என்னைவிடப் பருத்தவ. என் புலம்பலைக் கேட்டுச் சிரித்தா. "எங்களைப் போன்ற உடம்பில் கொழுப்பு அந்த விற்றமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தத்தில் குறைவாய்த்தான் காட்டும். குளிசையின் அளவைக் கூட்டலாமா என்று டொக்டரிடம் கேள். உன்னில் பிழையில்லை" என்றா.

அடுத்த கிழமையே திரும்பிப் போனேன்.

"டொக்டர், அண்டைக்கு நான் பொய் சொன்னனான். ஒரு குளிசைகூட விடேல்லை. கொழுப்பு பிடிச்சு வைக்குமாமே, உங்களுக்குத் தெரியாதோ?"

அவர் முகம் சுருங்கியது. "ஓம், அப்பிடியும் நடக்கிறதுதான். கூட்டித் தாறன். உடம்பையும் குறையுங்கோ."

"குறைக்கிறன். முதல்ல, நான் மறக்கிறனான் எண்டு எழுதினதை மாத்துங்கோ."

அவர் தட்டி முடிக்கும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

என் உடம்பு பெரிதுதான். அதற்காக, செய்யாத குற்றத்துக்கு இனி எந்த மேசைக்கு முன்னாலும் ஓம் சொல்லமாட்டேன்.